மெம்ரிஸ்டர்: தடையமா, தடயமா?

கோத்தகிரியில் மழைக்காலத்தில் ‘மின்தடை’ என்றால் ஓம் விதி யாருக்கும் நினைவுக்கு வராது, மெழுகுவத்தியைத்தான் தேடுவார்கள். அதனால் மெம்ரிஸ்டர் என்கிற மின்சுற்று உறுப்பை ‘நினைவு மின்தடை’ என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பை வாங்கியிருக்கிறேன். இத்தனைக்கும் கரண்ட் போனாலும் நினைவை விடாத உறுப்பு அது.

மெமரி, ரெசிஸ்டர் இரண்டையும் ஒட்டி 1971இல் இந்தப் பெயரை வைத்தவர் மின்பொறியாளர் லியோன் சுவா. மின்சுற்றின் அடிப்படை உறுப்புகளில் மின்தடையம் (ரெசிஸ்டர்), மின்தேக்கி, மின்தூண்டி போக நான்காவதாக ஒன்று இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பெயர் வைத்து 37 ஆண்டு கழித்துத்தான் பிள்ளை பிறந்தது: 2008இல் எச்பி ஆய்வகத்தின் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு, டைட்டானியம் டை ஆக்சைடால் அதைச் செய்ததாக அறிவித்தது. வெள்ளைப் பெயின்டில் கலக்கிற அதே பொருள்தான், ஆனால் நானோமீட்டர் கணக்கில் மெல்லிய படலமாக.

இந்த உலோக ஆக்சைடுகளில் ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடங்கள் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அவை நகரும். ஹாஃப்னியம் ஆக்சைடு போன்றவற்றில் வரிசையாகச் சேர்ந்து ஓர் இழையே உருவாகிவிடும். அதன் வழியே மின்னோட்டம் சுலபமாகப் போகும். தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் நடந்து நடந்து ஒத்தையடிப் பாதை விழுகிறதே, அதுபோல. உவமை முழுக்கப் பொருந்தாது, சரி. நடமாட்டம் நின்றால் பாதையைப் புதர் மூடும்; இழையோ எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்தால்தான் பெரும்பாலும் அறும். இழை இருந்தால் 1, அறுந்தால் 0. கொஞ்சம் கொஞ்சமாகத் தடையை மாற்றி இடைப்பட்ட அளவுகளிலும் நிறுத்தலாம். மூளையில் நரம்புச் சந்திகள் பழகப் பழக வலுப்பதை ஒத்திருப்பதால், நினைவும் கணக்கும் ஒரே இடத்தில் நடக்கும் கணினிக்கு இதை முயல்கிறார்கள்.

தமிழில் ‘நினைவுத்தடையம்’ என்பதே என் தேர்வு. தடு, தடை, தடையம் என்று வேர் தெரிகிறது. பவர்கட் குழப்பமும் இல்லை.

அறிவியல் மன்றத்துக்குக் கட்டுரை எழுதிய மாணவி ஒருத்தி அதை ‘நினைவுத்தடயம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அப்புறம் தோட்டத்துப் பாதையில் வீட்டுக்கு இறங்கும்போதுதான் உறைத்தது. தடயம் என்றால் ஒன்று போன பின்னும் விட்டுப்போன அடையாளம். அந்த உறுப்பு வைத்திருப்பதும் அதைத்தானே? முன்பு ஓடிய மின்னோட்டத்தின் தடயத்தை.

வட்டத்தை அழிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு ‘சரி’ போட்டுக் கொடுத்தேன்.