கிரைண்டர் என்கிற சாணை

கிரைண்டர் என்று மொட்டையாகச் சொன்னால் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது மாவு அரைக்கும் இயந்திரம்தான். பட்டறையில் இருப்பவர் அதே சொல்லைச் சொன்னால் தீப்பொறி பறக்கும் வேறொரு கருவி. ஒரே சொல் இரண்டுக்கும் போவதால், வீட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் கையில் பிடித்து ஓட்டுவதை ‘ஆங்கிள் கிரைண்டர்’, மேசையில் பொருத்தியதைப் ‘பெஞ்ச் கிரைண்டர்’ என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிப் பேசுகிறார்கள். ஆங்கிள் கிரைண்டரைத் தமிழாக்கப் புகுந்தவர்கள் சிலர் ‘கோண அரைப்பான்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழ் எழுதினால் இப்படித்தான் வரும்; கருவி என்ன செய்கிறது என்று பார்த்து எழுதினால் வராது.

அரைத்தல் என்றால், இரண்டு கடினமான பரப்புகளுக்கு நடுவில் ஒன்றைப் போட்டு நசுக்கிப் பொடியாகவோ விழுதாகவோ ஆக்குவது. அங்கே நமக்கு வேண்டியது அந்தப் பொடி. பட்டறைக் கிரைண்டரில் பொடி வெறும் கழிவு, தரையில் கொட்டிப் பெருக்கி எறிய வேண்டியது. தேய்ந்துபோக மிஞ்சுகிற உளியும், வழவழப்பான வெல்டிங் தையலும்தான் நமக்கு வேண்டும். ஆங்கிலத்தின் ‘கிரைண்ட்’ இந்த இரண்டு வேலைக்கும் பொதுவான வினை. ஜெர்மனில் அப்படி இல்லை: மாவரைப்பது ‘மாலன்’, கல்லில் தேய்த்துக் கூராக்குவது ‘ஷ்லைஃபன்’. ஆங்கிள் கிரைண்டருக்கு அவர்கள் பெயர் ‘விங்கல்ஷ்லைஃபர்’. ‘விங்கல்’ என்றால் கோணம்.

தமிழிலும் இந்தப் பிரிவு எப்போதோ ஆகிவிட்டது. கல்லில் தேய்த்துக் கூராக்குவதற்கு நம்மிடம் இருக்கும் சொல் சாணை. சாணை பிடித்தல், சாணைக்கல், சாணைக்காரர் என்று குடும்பமாகவே புழங்குகிறது. ‘கத்தியைச் சாணை பிடிக்கணும்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

சொல்லின் பிறப்பைப் பற்றி: அகராதிகள் இதை வடமொழியின் ‘சாண’ என்ற சொல்லோடு இணைக்கின்றன. அங்கும் பொருள் தீட்டுகல்தான். அப்படியானால் இது நம் சொல் இல்லையே, தனித்தமிழில் வேறு தேடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தேடிப் பார்க்கலாம், இரண்டு நல்ல சொற்கள் கிடைக்கும்.

ஒன்று, அராவுதல். அரத்தால் தேய்ப்பது. அரம் மிகப் பழைய சொல், மலையாளத்திலும் அரம்தான். ‘அரம்பொருத பொன்போலத் தேயும் உரம்பொருது உட்பகை உற்ற குடி’ என்று 888ஆம் குறள் சொல்கிறது. உட்பகை வந்த குடியின் வலிமை அரத்தால் அராவப்பட்ட இரும்பைப் போலத் தேய்ந்துகொண்டே போகுமாம். (இந்த இடத்தில் ‘பொன்’ என்பதற்கு உரைகாரர்கள் இரும்பு என்று பொருள் கொள்கிறார்கள். பட்டறை பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது.) உவமை துல்லியமானதுதான். ஆனால் அரம் எஃகில் வரிசையாகப் பல் வெட்டிய கருவி, கையால் தள்ளப்படுவது. கிரைண்டரில் பல்லும் இல்லை, தள்ளலும் இல்லை.

இன்னொன்று, தீட்டுதல். கத்தியை மரப்பலகையில் மணல் போட்டுத் தேய்ப்பதும் தீட்டுதல்தான். ‘தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்ற பழமொழி அங்கிருந்து வந்தது. ஆனால் தீட்டுவது கடைசிக் கூரை வரவழைக்கும் மென்மையான வேலை. மணியைத் தீட்டலாம், புத்தியைத் தீட்டலாம், கண்ணுக்கு மையும் தீட்டலாம். ஒரு இரும்புக் குழாயை அரை நிமிடத்தில் இரண்டாக்கும் கருவிக்கு அந்தப் பெயர் கொஞ்சம் செல்லமாக இருக்கிறது.

சாணை என்றால் சுற்றுகிற கல். கிரைண்டர் என்ற கருவியின் உயிரே அதுதான். அதனால் ஆங்கிள் கிரைண்டர் கோணச் சாணை, பெஞ்ச் கிரைண்டர் மேசைச் சாணை. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சாணைப்பொறி.

‘கோணம்’ எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாய்வாகப் பிடித்துத் தேய்க்கலாம் என்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமில்லை. மோட்டார் தண்டு ஒரு திசையில் சுற்றுகிறது. தலைப்பகுதிக்குள் இருக்கும் சாய்பல் சக்கரங்கள் இரண்டு அந்தச் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பித் தேய்க்கும் வட்டுக்குக் கொடுக்கின்றன. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் இப்படி ஒரு கருவியை 1954இல் கொண்டுவந்தது. இன்றும் ஜெர்மானியர்கள் பேச்சில் எந்த நிறுவனத்தின் கோணச் சாணையையும் ‘ஃபிளெக்ஸ்’ என்றே சொல்கிறார்கள்.

வட்டு இரும்புத் தகடு மாதிரி மெல்லிசாக இருக்கிறதே, இதைப் போய்க் கல் என்கிறீர்களே என்று கேட்கலாம். கல்தான், சந்தேகமே வேண்டாம். இங்கே தமிழுக்கு ஒரு பங்கும் இருக்கிறது. அலுமினியம் ஆக்சைடின் இயற்கைப் படிகத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் ‘கொரண்டம்’. ஆங்கில அகராதிகள் அதன் மூலமாகக் காட்டுவது தமிழின் ‘குருந்தம்’. வடமொழியின் ‘குருவிந்தம்’ அதற்கு உறவு. அது மாணிக்கத்தைக் குறிக்கும். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறம் ஏறிய வடிவங்களே. மோஸ் கடினத்தன்மை அளவில் குருந்தம் 9, வைரம் 10. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த குருந்தக்கல்லைப் பற்றி எழுதினார்.

1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் ஒரு புதுப்பொருளைச் செய்தார். கரியும் கொரண்டமும் சேர்ந்து உருவானது என்று நினைத்து அதற்குக் ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. குருந்தத்தின் துளிகூட அதில் இல்லை. தவறான ஊகத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது, பாதித் தமிழோடு. கான்கிரீட், கல் வேலைக்கான சாணை வட்டுகளில் இன்றும் பெரும்பாலும் இருப்பது இதுதான். இரும்புக்கான வட்டுகளில் செயற்கைக் குருந்தம்.

வட்டின் செய்முறையும் அடிப்படையில் பழையதே. முன்பு குருந்தப் பொடியை உருக்கிய அரக்கில் கலந்து சாணைச் சக்கரம் வார்த்தார்கள். இப்போது அரக்கின் இடத்தில் பினாலிக் பிசின், உடையாமல் இருக்க நடுவில் கண்ணாடி இழை வலை. மேசைச் சாணையின் தடித்த சக்கரத்தில் பிசினும் இல்லை. தேய்க்கும் கல் மணிகளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் சுட்டிருப்பார்கள். சுட்ட ஓட்டுக்கு உள்ள நொறுங்கும் குணம் அதற்கும் உண்டு.

பழைய கருவியைத் தூசி தட்டி எடுத்து ஓட்டப் பார்க்கிறவர்களுக்குச் சாணை என்ற சொல் இந்த இடத்தில் கைகொடுக்கும். ‘வீல்’ என்று சொல்லும்போது கார் சக்கரம் மாதிரி எதையும் தாங்கும் ஒரு பொருள் மனதில் வருகிறது. கல் என்று சொன்னால் கீழே போட்டால் விரிசல் விடும், ஈரத்தில் கிடந்தால் கெடும் என்பது தானாகவே நினைவுக்கு வரும். பிசின் வட்டுக்குக் காலாவதித் தேதியே உண்டு. வட்டின் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் திருப்பிப் பார்த்தால் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஐரோப்பியத் தரப்படி அது தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 3 ஆண்டு. பழைய கோணச் சாணையோடு பெட்டியில் கிடைக்கும் வட்டுகள் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது அசட்டுத்தனம்.

வேகக் கணக்கையும் பாருங்கள். 125 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 72 மீட்டர் ஓடுகிறது. மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். இந்த வகை வட்டுகளுக்கு எல்லை நொடிக்கு 80 மீட்டர். வட்டை மறைத்திருக்கும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, பெரிய கருவிக்கான 230 மில்லிமீட்டர் வட்டை இதே சின்னச் சாணையில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது விளிம்பு வேகம் நொடிக்கு 132 மீட்டரைத் தொடும். வட்டைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், எல்லை வேகத்தில் இருப்பதைப் போல இரண்டே முக்கால் பங்கு ஆகிவிடும். ‘மெதுவாப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது’ என்பது இங்கே செல்லாது. யாரும் தொடாமல் சும்மா சுற்றும்போதே அது வெடிக்கலாம்.

பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடைக் கோணச் சாணையில் மாட்டுவது இன்னொரு ஆபத்து. சாணை தேய்க்கிற கருவி. கல் மணிகள் நுண்ணிய துகளாகச் சீவி எடுக்கும்போது கைக்கு வரும் இழுப்பு குறைவு. பல் மரத்தில் மாட்டினால் கருவி மொத்தமாக எகிறி ஆளின் மேலேயே வரும். பெயரில் சாணை என்று இருந்திருந்தால் அங்கே ரம்பத்தை மாட்டும் யோசனையே வந்திருக்காதோ என்று எனக்குத் தோன்றும். கொஞ்சம் மிகையான நம்பிக்கைதான்.

மேசைச் சாணையைச் சீர்செய்வதென்றால், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். இடப்பக்க நட்டு இடமரையில், அதாவது எதிர்த்திசையில் திருகும் மரையில் இருக்கும். மற்ற நட்டுகளைப் போல நினைத்துத் திருகினால் இன்னும் இறுகும். கழற்றிய சக்கரத்தின் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி லேசாகத் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று சத்தம் கொடுக்கும். கொஞ்சம் திருப்பி இன்னும் இரண்டு மூன்று இடத்திலும் தட்டிப் பார்க்க வேண்டும். (சுட்ட கல்லுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. பிசின் வட்டு நல்லதாக இருந்தாலும் கணீரென்று ஒலிக்காது.) சக்கரத்தின் இருபுறமும் ஒட்டியிருக்கும் தடித்த காகித வட்டத்தை அழுக்கென்று கிழித்துவிட வேண்டாம். ஃபிளேஞ்சின் (சக்கரத்தை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் உலோகத் தட்டின்) அழுத்தத்தைக் கல்லில் சமமாகப் பரப்புவது அந்தக் காகிதம்தான்.

உளி போன்றவற்றை வைத்துத் தேய்க்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கல் தேயத் தேயத் தாங்கியை நெருக்கிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் உளி அந்த இடுக்கில் சிக்கிக் கல்லை உடைத்துவிடும். புதுக் கல் மாட்டினால் பக்கவாட்டில் தள்ளி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். தேய்ப்பது கல்லின் சுற்று விளிம்பான முகப்பில் மட்டும், பக்கவாட்டில் இல்லை. அலுமினியத்தைக் கொண்டுபோய் வைத்தால் கல்லின் துளைகள் அடைத்துக்கொள்ளும். பிறகு அது தேய்க்காது, சூடுதான் ஏற்றும். உளியின் முனை நீலமாகிவிட்டால் அங்கே எஃகின் பதம், அதாவது கடினம், போய்விட்டது என்று பொருள். நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டியதுதான்.

கோணச் சாணையில் பார்க்க வேண்டியவை வேறு: மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகிவிட்டதா, பேரிங் கரகரக்கிறதா, தலைக்குள் கிரீஸ் காய்ந்திருக்கிறதா, ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் வெடித்திருக்கிறதா. இதெல்லாம் எளிதில் மாற்றக்கூடியது. காப்புத் தகடு இல்லாமல் வந்த கருவியை, பொருந்தும் தகடு கிடைக்கும் வரை ஓட்டக் கூடாது. கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை மூடும் கவசமும் வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மூச்சுக்கும் மறைப்பு வேண்டும்.

இனி மற்ற பெயர்கள். தேய்க்கும் தடித்த வட்டு சாணைவட்டு, கட்டிங் வீல் அறுப்புவட்டு. இரண்டையும் பெயரில் பிரித்துச் சொல்வதில் காரணம் உண்டு: அறுப்புவட்டு ஒரு மில்லிமீட்டர் தடிமனில்கூட வருகிறது, அதன் பக்கவாட்டால் தேய்த்தால் முறிந்துவிடும். இதழ் இதழாக உப்புத்தாள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் இதழ்வட்டு. மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் இருக்கும் டை கிரைண்டர் நேர்ச்சாணை. மரத்தை வழவழப்பாக்கும் சாண்டரை இந்தக் குடும்பத்தில் சேர்க்க எனக்கு மனமில்லை. அங்கே நடப்பது உப்புத்தாள் வேலை. ‘தேய்ப்புப்பொறி’ என்றால் போதும். எழுதும்போது ‘கோணச் சாணை’ என்று நடுவில் ஒற்று மிகும். பேச்சில் அதை விட்டுவிட்டுக் ‘கோணசாணை’ என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.