குரோமியத்தின் நஞ்சை வெயில் முறிப்பது எப்படி?

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த துயரம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாமே கொஞ்சமாவது இருக்கும். சாயத்தையும் எண்ணெயையும் காலப்போக்கில் சிதைத்துவிடலாம். உலோகம் தனிமம் என்பதால் அது சிதையாது. அதன் மின்சுமையை மாற்றி, தண்ணீரில் கரையாதபடி செய்து, பிரித்தெடுப்பதுதான் வழி.

முலாம் பட்டறைக் கழிவுநீரில் வரும் குரோமியம்-6 (ஆறு எலக்ட்ரான்களை இழந்த குரோமியம்) நன்றாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். அதற்கு மூன்று எலக்ட்ரான்கள் கிடைத்தால் குரோமியம்-3 ஆகிவிடும். நச்சு பெருமளவு குறையும். காரம் சேர்த்தால் பச்சை வண்டலாக அடியில் தங்கும்.

அந்த எலக்ட்ரான்களுக்காக இப்போது சோடியம் மெட்டாபைசல்பைட் போன்ற ரசாயனங்களைக் கலக்கிறார்கள். அதே எலக்ட்ரான்களை வெயிலின் ஆற்றலால் விடுவித்துத் தருவது ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டதும் வினையைத் தூண்டும் பொருள். பழைய வினையூக்கியான டைட்டானியம் டைஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான். யூரியாவை 550 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் கிடைக்கும் மஞ்சள் பொடியான கார்பன் நைட்ரைடு, நீல ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே தாவ, அது இருந்த இடத்தில் ‘துளை’ உண்டாகிறது. பெரும்பாலான எலக்ட்ரான்கள் உடனே துளைக்குள் திரும்பி விழுந்துவிடும். பிடித்த ஆற்றல் வீண். இங்கேதான் கிராபீன் உதவுகிறது. ஓர் அணு தடிமனுள்ள அந்தக் கார்பன் தாளைப் பொடியோடு ஒட்டினால், எலக்ட்ரான் அதன் வழியாக விலகி ஓடிக் குரோமியத்தைச் சேரும். துளையை நிரப்ப நீரிலுள்ள சிட்ரிக் அமிலம் போன்ற கரிமப் பொருள் எலக்ட்ரான் தரும். பொடியின் மேற்பரப்பில் அமீன் எனும் நைட்ரஜன் கொண்ட தொகுதிகளைச் சேர்ப்பது இன்னொரு நல்ல உத்தி. அமில நீரில் அவை நேர்மின்சுமை பெற்று, எதிர்மின்சுமையுள்ள குரோமேட்டை (நீரில் குரோமியம்-6 இருக்கும் வடிவம்) தம்மிடம் இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பொடியைக் கழிமுகத்தில் தூவக் கூடாது. கலங்கல் நீரில் ஒளி இறங்காது, நுண்பொடியைத் திரும்ப அள்ளவும் முடியாது. பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிதான் இதற்குச் சரியான இடம். காந்த இரும்பு ஆக்சைடு சேர்த்துச் செய்த பொடி என்றால் காந்தத்தால் மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். மிஞ்சும் வண்டல் கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போயாக வேண்டும். வெறும் மண்ணில் கொட்டினால், அங்குள்ள மாங்கனீசு ஆக்சைடு அதே குரோமியத்தை மெல்ல மறுபடியும் குரோமியம்-6 ஆக்கிவிடக்கூடும்.