சொல் விளக்கம்: ஃபனாட்டிக் – மதவெறியர்

'ஃபனாட்டிக்' என்பதை மதவெறியர் என்று தமிழில் எழுதுகிறோம். அவசரத்துக்கு ஒட்டவைத்த சொல் போலத் தோன்றும். ஆனால் வேரைத் தோண்டினால் இரண்டுமே சாமியாட்டத்தில் போய் நிற்கின்றன.

இலத்தீனில் 'ஃபானும்' என்றால் கோயில். அதிலிருந்து பிறந்த 'ஃபனாட்டிக்குஸ்' முதலில் கோயிலைச் சேர்ந்தவனையும், பிறகு தெய்வம் ஏறியவனையும் குறித்தது. உரோமில் பெல்லோனா என்ற போர்த்தெய்வத்தின் பூசாரிகளை இப்படி அழைத்தார்கள். அருள் வந்ததும் அவர்கள் தங்கள் கைகளைத் தாங்களே கீறிக் குருதி சிந்துவார்கள். அப்போது வெட்டுப்பட்டது அவரவர் உடம்புதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் 'வெறி'க்கு மணம் என்பது ஒரு பழம்பொருள். முருகன் பூசாரியான வேலன் முருகேறி ஆடும் ஆட்டம் இன்னொன்று. சங்கப் பாடல்களில், மகள் மெலிந்துபோனது முருகன் பிடித்து வருத்துவதால் என்று நினைத்துத் தாய் வேலனை அழைப்பாள். அவன் ஆட்டுமறியைப் பலியிட்டு ஆடுவான். உண்மைக் காரணம் காதல் என்று தெரிந்த தோழி எள்ளி நகையாடுவாள். தொல்காப்பியம் வெட்சித் திணையில் வெறியாட்டைக் 'காந்தள்' என்ற பெயரில் சொல்கிறது. கள்வெறி, வெறிநாய் என்ற வழக்குகளில் தெய்வம் விலகி, நிதானம் இழந்த நிலை மட்டும் எஞ்சிவிட்டது.

முன்னே நிற்கும் 'மதம்' வடமொழிச் சொல். கொள்கையைக் குறிக்கும் 'மத' வேறு, யானைக்குப் பிடிக்கும் 'மத' வேறு. வடமொழியில் ஒன்றுக்கு வல்லொலி, மற்றதற்கு மெல்லொலி. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு கிடையாது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. மேடைப் பேச்சாளர்களுக்கு இதனால் ஒரு சிலேடை இலவசம்.

'ஃபனாட்டிக்' என்ற சொல் வசையாக மாறியது 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில். 1534-இல் ஜெர்மனியின் மியுன்ஸ்டர் நகரை மறுஞானஸ்நானக்காரர்கள் கைப்பற்றினார்கள். வளர்ந்தபின் மீண்டும் ஞானஸ்நானம் பெற மறுத்தவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) படை முற்றுகையிட்டு 1535 ஜூனில் நகரை மீட்டது. தலைவர்கள் மூவரைப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் வதைத்துக் கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் அடைத்துத் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். புனித லாம்பர்ட் தேவாலயத்தில் அந்தக் கூண்டுகள் இன்றும் தொங்குகின்றன. அந்தக் காலத்தில் ஃபனாட்டிக் என்ற பட்டம் தோற்ற தரப்புக்குத்தான் கிடைத்தது. இடுக்கி பிடித்தவர்களுக்கு அல்ல.

எல்லாத் தரப்புக்கும் பொதுவாக இந்தச் சொல்லைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர். பிராட்டஸ்டண்டான ஜான் கலாஸ், கத்தோலிக்கனாக மாறவிருந்த மகனைக் கொன்றார் என்ற பொய்க்குற்றத்துக்காக 1762-இல் துலூஸ் நகரில் மரணதண்டனை பெற்றார். வோல்டேர் அந்த வழக்கைக் கையிலெடுத்தார். 1764-இல் வெளியிட்ட அகராதியில், மூடநம்பிக்கை காய்ச்சல் என்றால் மதவெறி அதன் பிதற்றல் என்று எழுதினார்.

எழுதும்போது அதிகம் தவறுவது அண்டைச் சொற்களில்தான். 'ஃபண்டமெண்டலிசம்' அடிப்படைவாதம். 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் 12 தொகுதிகளாக வெளிவந்த கிறிஸ்தவக் கட்டுரைகளின் தலைப்பிலிருந்து வந்த பெயர் இது. மூலநூலை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர் அடிப்படைவாதி. அவர் கத்தியைத் தொடாமலே வாழ்ந்து முடிக்கலாம். 'டெரரிசம்' பயங்கரவாதம். அது ஒரு வழிமுறையின் பெயர். மதமே இல்லாதவரும் அதைக் கைக்கொள்ளலாம். 'எக்ஸ்ட்ரீமிசம்' தீவிரவாதம். 1907 சூரத் காங்கிரஸ் பிளவின்போது திலகரும் வ.உ.சி.யும் இருந்த அணிக்குத் தீவிரவாதிகள் என்று பெயர். கோகலே பக்கம் மிதவாதிகள். இன்றைய நாளிதழ்ப் பொருளோடு பழைய வரலாற்று நூலைப் படிப்பவர் இங்கே தடுக்கி விழுவார். மத அடிப்படையில் மக்களைப் பிரித்து நடத்தும் அரசியலுக்கு வகுப்புவாதம் என்ற சொல் இருக்கிறது. மதவெறி என்பதை, தன் மதத்தின் பேரால் பிறரை வதைக்கவும் துணியும் மனநிலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. 'மத' வேண்டாம் என்பவர்கள் சமயவெறி என்கிறார்கள். 'சமயம்' என்பதும் வடமொழிதான், ஆகவே அதில் பெரிய லாபமில்லை.

ஃபனாட்டிக்கின் வால் நறுக்கிய வடிவம்தான் 'ஃபேன்' என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க பேஸ்பால் பார்வையாளர்களிடையே பரவிய சொல் அது. குழப்பமோ குறும்போ, நம் பத்திரிகைகள் அதைக் கைவிசிறியாக எடுத்துக்கொண்டு நடிகர்களுக்கு 'விசிறிகளை' உண்டாக்கின. ரசிகர் என்பதே சரி.