பேலோட் – பயன்சுமை

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி ஒன்று புறப்படும் நாளில் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் சொல் ‘பேலோட்’. அது செயற்கைக்கோளைக் குறிக்கிறதா, செயற்கைக்கோளுக்குள் பொருத்தப்பட்ட கருவியைக் குறிக்கிறதா, ஏவூர்தி தூக்கும் எடையைக் குறிக்கிறதா என்ற ஐயம் படிப்பவர் பலருக்கும் எழுகிறது. இடத்துக்கு ஏற்ப மூன்றையுமே அது குறிக்கும். ஆனால் அந்தச் சொல் பிறந்தது விண்வெளித் துறையில் அன்று, சரக்கு வண்டித் தொழிலில்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லாரியில் ஏறும் மொத்த எடையில் எந்தப் பங்குக்கு வாடகை கிடைக்கிறதோ அந்தப் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் உருவான கூட்டுச்சொல் இது. ‘பே’ என்றால் பணம் தருதல். ‘லோட்’ என்றால் சுமை. பின்னர் விமானத்தில் ஏறும் பயணிகள், அஞ்சல், சரக்கு ஆகியவற்றுக்கும், போர்விமானத்தின் குண்டுகளுக்கும், அங்கிருந்து ஏவூர்தியின் தலைப்பகுதியில் அமர்ந்து செல்லும் செயற்கைக்கோளுக்கும் இச்சொல் பரவியது. ‘பே’ என்பதன் வேர் ‘அமைதிப்படுத்து’ எனப் பொருள்படும் ஒரு லத்தீன் வினை; கொடுக்க வேண்டியதைக் கொடுத்து ஒருவரைச் சமாதானப்படுத்துவதே பணம் தருதல் ஆயிற்று. ‘லோட்’ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சுமை என்ற பொருளே இல்லை. வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்பனவே அதன் பொருள்கள்.

சென்னை, சேலம், பெங்களூரு நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பேலோடின் முதற்பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் லாரியே உற்பத்தியாகிறது. மாங்கூழும் கிரானைட் கல்லும் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. லோடு, லோடுமேன், ரிட்டர்ன் லோடு ஆகியவை இங்கே அன்றாடத் தமிழாகவே ஆகிவிட்டன. எடை மேடையில் காலி வண்டியை ஒருமுறையும் சரக்குடன் ஒருமுறையும் நிறுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சீட்டில் எழுதித் தருகிறார்களே, அந்த வேறுபாடுதான் பேலோட். வண்டியின் எடைக்கோ டீசலின் எடைக்கோ எவரும் வாடகை தருவதில்லை.

விண்வெளியை வணிகமாகக் கருதும்போது இந்தக் கணக்கு மிகக் கடுமையாக மாறுகிறது. மூன்று அச்சு லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 28.5 டன், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்காக இருக்க முடியும். பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் பெரிய வடிவம் புறப்படும்போது சுமார் 320 டன் எடையுள்ளது. 600 கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வோர் இடத்தையும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் சூரிய ஒத்தியக்கச் சுற்றுப்பாதைக்கு அது கொண்டுசேர்ப்பது 1,750 கிலோ. அதாவது ஆயிரம் கிலோவுக்கு ஐந்தரை கிலோ. 120 டன் எடையுள்ள சிறிய ஏவூர்தியான எஸ்.எஸ்.எல்.வி. கொண்டுசெல்வது 500 கிலோ. மற்றவை எரிபொருளும், ஆக்சிஜன் தரும் பொருளும், எரிந்து தீர்ந்ததும் கழன்று விழும் கலன்களும் ஆகும். லாரி தனக்கு வேண்டிய ஆக்சிஜனைச் செல்லும் வழியிலேயே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது; ஏவூர்தி அதையும் சுமந்தே செல்ல வேண்டும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைத்திருக்க நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. அந்த வேகத்துக்கான எரிபொருளைத் தூக்கவே மேலும் எரிபொருள் தேவைப்படுவதால், சுமையில் ஒரு கிலோ கூடினால் புறப்படும் எடையில் அதைப் போலப் பல மடங்கு கூடுகிறது. ஏவூர்தித் தொழிலில் இறங்கும் தனியார் நிறுவனங்கள் எதிர்கொள்ளும் இடர்களில் முதலாவது இதுதான். முதலீடோ அரசு அனுமதியோ இந்த விகிதத்தை மாற்ற முடியாது. முதல் அடுக்கைத் திரும்ப இறக்கி மீண்டும் பயன்படுத்தும் அமெரிக்காவின் ஃபால்கன் 9 ஏவூர்தி செலவைக் குறைத்தது உண்மை. ஆனால் இறங்குவதற்கென எரிபொருளை மிச்சம் வைப்பதால் அது தூக்கும் சுமையும் குறைகிறது.

‘லோட்’ என்பதன் பழம்பொருளான வழி இந்த இடத்தில் கருதத்தக்கது. சேரிடத்தைச் சொல்லாமல் ஓர் ஏவூர்தியின் பேலோட் இவ்வளவு என்று சொல்வது முழுமையாகாது. எல்.வி.எம்.3 ஏவூர்தி தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதைக்கு 8 டன் கொண்டுசெல்லும். புவியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு மாறிச் செல்லும் பாதைக்கோ 4 டன்தான். வழி வளைந்தாலும் சுமை குறையும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி, துருவங்களின் மேல் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ஏவூர்தி இலங்கையின் மேல் பறக்காமல் விலகிச் செல்ல வேண்டியிருக்கிறது. பெரிய ஏவூர்தி அந்தச் சுற்றுவழியின் இழப்பைத் தாங்கும். சிறிய ஏவூர்திக்கு அதுவே வருவாயின் பெரும்பங்கைத் தின்றுவிடும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். சிறிய ஏவூர்திகளை உருவாக்கும் தனியார் நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சேரிடம் தவறினால் சுமைக்குப் பயனே இல்லை. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்கள் 356க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டதால் பயனற்றுப் போயின. அவற்றுள் ஒன்று 750 பள்ளி மாணவியர் பங்கேற்றுச் செய்தது. ஏவுதலால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் உண்டு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, தனியார் செய்யும் விண்வெளிச் செயல்களுக்கும் அந்தந்த நாட்டு அரசே உலகுக்குப் பொறுப்பு. ஆகவேதான் இந்தியாவில் 2020இல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பேஸ் என்னும் அரசு அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் தனியார் எதையும் ஏவ முடியாது.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘தாங்குசுமை’, ‘பயன்சுமை’ என்ற இரண்டும் எழுத்தில் வழங்குகின்றன. நிலவுக்கலங்களைப் பற்றிய செய்திகளில் ‘ஆய்வுக் கருவிகள்’ என்கிறார்கள். அங்கே அது பொருந்தும், ஆனால் வணிகச் செயற்கைக்கோளுக்குப் பொருந்தாது. ‘தாங்குசுமை’ ஓசைநயம் உடைய சொல்தான் என்றாலும், எரிபொருளையும் ஏவூர்திதானே தாங்குகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. எந்தப் பிரிவினைக்காக ஆங்கிலச் சொல் பிறந்ததோ அதுவே அழிந்துவிடுகிறது. ‘சுமைகூலி’ என்ற நம் பழகிய சொல்லைத் திருப்பிக் ‘கூலிச்சுமை’ என்று ஆக்கலாம். லாரிக்கு அது மிகச் சரி, ஆனால் எவரும் கூலி தராத அறிவியல் கருவியை அது விலக்கிவிடும். பயன் என்பது ‘பய’ என்னும் வினையடியிலிருந்து வருவது. பயத்தல் என்றால் விளைதல், தருதல். விளைச்சல், நன்மை, ஊதியம் என்ற அனைத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். லாரியில் சரக்கும், ஏவூர்தியில் செயற்கைக்கோளும், செயற்கைக்கோளில் ஒளிப்படக் கருவியும் தத்தம் அளவில் பயன்தரும் சுமைகளே. ஆகவே பயன்சுமை என்பதையே பரிந்துரைக்கிறேன். பயன்சுமைத் திறன், முதன்மைப் பயன்சுமை, இணைப் பயன்சுமை எனக் கிளைச்சொற்களும் இடரின்றி அமைகின்றன. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி. 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றபோது, 714 கிலோ எடையுள்ள, புவியைப் படமெடுக்கும் கார்ட்டோசாட் முதன்மைப் பயன்சுமை. மற்ற 103உம் இணைப் பயன்சுமைகள்.

இதற்கு எதிர்ச்சொல் ஒன்றும் தேவைப்படுகிறது. புதிய ஏவூர்தியின் தொடக்கப் பயணங்களில் விலைமதிப்புள்ள செயற்கைக்கோளை ஒப்படைக்கப் பலரும் தயங்குவதால், அதே எடையுள்ள உலோகப் பொருளை ஏற்றிச் சோதிப்பது வழக்கம். இதனை ‘நிகரெடை’ எனலாம். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 மூன்று முறை தோற்றபின், 2008 செப்டம்பர் 28 அன்று முதன்முறையாகச் சுற்றுப்பாதையை எட்டியபோது அதில் இருந்தது அத்தகைய 165 கிலோ நிகரெடைதான். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே வகை ஏவூர்தி மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது; அது பயன்சுமை.