நேவிகேஷன்: வழிசெலுத்தலா, வழிகாட்டியா?

இணையதளம் கட்டுகிறவர்கள் ‘நேவிகேஷன்’ என்பது பக்கத்தின் தலைமாட்டிலோ ஓரத்திலோ வரிசையாக நிற்கும் இணைப்புகளைத்தான்: முகப்பு, பிரிவுகள், தேடல், தொடர்பு. சொல் கடலில் பிறந்தது. லத்தீனில் ‘நாவிஸ்’ கப்பல், ‘அகெரே’ ஓட்டுதல். சேர்ந்தால் ‘நாவிகாரே’, அதாவது கப்பலோட்டுதல்.

இதற்கு நேரான தொடர் புறநானூற்றிலேயே கிடக்கிறது. 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனை ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்று தொடங்கிப் புகழ்கிறார். நாவாய்க்கும் நாவிஸுக்கும் உறவு உண்டா என்று கிளறினால் பேச்சு எங்கோ போய்விடும், விடுங்கள். கலத்தை ஓட்டுபவனுக்கு நீகான் என்று பெயர். அகநானூறு 255இல் அவன் மாடத்தில் எரியும் விளக்கை வைத்துத் துறை எந்தப் பக்கம் என்று அறிந்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துகிறான். கிரேக்கத்தில் அதே ஆள் ‘குபெர்னேட்டெஸ்’. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு நடக்கும் விதத்தைப் பற்றிய தன் நூலுக்கு ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தது அந்தச் சொல்லிலிருந்துதான். இன்று வாய்க்கு வாய் சொல்லும் ‘சைபர்’ அதன் மிச்சம்.

தமிழ் விக்கிப்பீடியா இந்த இணைப்பு வரிசைக்கு ‘வழிசெலுத்தல்’ என்று தலைப்பிட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் அது பழுதில்லாத சொல். இணையதளத்துக்கு எனக்கு ஒட்டவில்லை. அங்கே வாசகரை யாரும் செலுத்துவதில்லை. அவராகப் போகிறார், நாம் கைகாட்டுகிறோம். ‘வழிகாட்டி இணைப்புகள்’ போதும். வெறும் ‘இணைப்பு’ என்று நிறுத்தினால் மின்னஞ்சலோடு வரும் கோப்பா, நெட் கனெக்‌ஷனா என்ற குழப்பம் வரும். வலைப்பதிவுலகம் லிங்குக்குப் புழங்கிய ‘சுட்டி’ அழகான சொல்தான், ஆனால் மவுஸுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

தலைப்பைவிடச் சிக்கல் உள்ளே இருக்கும் சொற்களில். ‘முன்’ என்றால் எதிரே இருப்பதும் முன், கடந்துபோனதும் முன். ‘பின்’னும் அப்படியே: முதுகுப் பக்கமும் பின், இனி வரப்போவதும் பின். 3ஆம் பக்கத்தில் நிற்பவர் ‘முன் செல்’லை அழுத்தினால் 4க்குப் போவாரா, 2க்கா? ‘முன்பக்கம்’ என்பது முகப்பா, இதற்கு முந்தியதா? ‘பின்செல்’ கொண்டுபோய் விடும் இடத்துக்கு ‘முந்தைய பக்கம்’ என்று பெயர்! ஆங்கிலப் பொத்தானைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கங்களுக்கு ‘முந்தைய’, ‘அடுத்த’. தேதிவாரியாக அடுக்கியவற்றுக்குப் ‘பழையவை’, ‘புதியவை’. வந்த இடத்துக்கே மீளத் ‘திரும்பு’. இப்படிப் பிரித்து எழுதினால் யாரும் தடுமாறமாட்டார்கள்.

‘இங்கே சொடுக்கவும்’, ‘மேலும்’ இரண்டையும் ஒழித்துக்கட்டலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பக்கத்தின் இணைப்புகளை மட்டும் உருவிப் பட்டியலாக வாசிக்கவல்லது. பத்து முறை ‘மேலும், மேலும்’ என்று காதில் விழுந்தால் எதைத் திறப்பது? ‘விதிமுறைகள்’, ‘பதில் வராத கேள்விகள்’ என்று போகுமிடத்தின் பெயரையே வைக்கவேண்டும். இணையப் பக்கங்களை எழுதும் மொழியின், 2014இல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட வடிவமான எச்டிஎம்எல்5இல் இந்த வரிசையைச் சுற்றிப் போடவென்றே ‘நாவ்’ என்று ஒரு குறி உண்டு. போட்டால் திரைவாசிப்பான் வைத்திருப்பவர் நேரே அங்கே தாவலாம். நாவிஸின் (navis) முதல் மூன்று எழுத்து (nav) அங்கே அப்படியே நிற்கிறது.

‘முகப்பு › சமையல் › ஊறுகாய்’ என்று மேலே ஓடும் வரிக்கு ஆங்கிலத்தில் ரொட்டித் துணுக்கு என்று பெயர். 1812இல் கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஹேன்ஸல், கிரெட்டல் கதையில் பையன் வழி தெரியத் துணுக்குகளைப் போட்டுக்கொண்டே போகிறான், பறவைகள் தின்றுவிடுகின்றன. வழி தவறவைத்த பொருளின் பெயர் வழிகாட்டிக்கு! தவிர, இந்த வரி நாம் வந்த வழியைக் காட்டுவதே இல்லை. கூகுளில் தேடி நேரே ஊறுகாய்க்கு வந்தவருக்கும் அதே வரிதான் தெரியும். பக்கம் எந்தப் பிரிவுக்குள் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்வதால், ‘இருப்பிட வரி’ என்றே எழுதலாம்.