ஏற்றுமதி செய்தால் சிறுதொழில் சலுகை போய்விடுமா?

சென்னை எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் காசிமேட்டுப் பக்கம் இறால் பதப்படுத்துபவர்களும் ஒரே பயத்தைத்தான் சொல்கிறார்கள்: "வெளிநாட்டு ஆர்டர் எடுத்தா டர்னோவர் எகிறிடும் சார், சிறுதொழில்ங்கிற பேரு போயிடும்." அந்தப் பயம் வேண்டாம். ஏற்றுமதி வருமானமும் ஆராய்ச்சிக் கருவிகளுக்குப் போட்ட பணமும் வரம்புக் கணக்கில் சேரவே சேராது.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் இவை. குறுந்தொழிலுக்கு இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி. சிறுதொழிலுக்கு 25 கோடி, 100 கோடி. நடுத்தரத்துக்கு 125 கோடி, 500 கோடி. இரண்டில் எதைத் தாண்டினாலும் மேல்வகைக்குப் போய்விடுவீர்கள். வியாசர்பாடியில் ஒரு ஷெட், மணலியில் ஒரு ஷெட் என்று இருந்தாலும், பான் எண் ஒன்றென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே நிறுவனம்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு இறால் நிறுவனத்தின் விற்றுமுதல் 130 கோடி, அதில் ஏற்றுமதி 90 கோடி என்று வைத்துக்கொள்வோம். வகைப்பாட்டுக்கு எடுப்பது மீதி 40 கோடியை மட்டும். இயந்திர முதலீடும் 25 கோடிக்குள் இருந்தால் அது சிறுதொழில்தான். இந்தக் கோடு ஏன் முக்கியம் என்றால், சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி தர வேண்டும் என்ற பாதுகாப்பு குறு, சிறு தொழில்களுக்கு மட்டுமே. நடுத்தரத்துக்குக் கிடையாது. நிலுவைப் பணத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இயந்திரக் கணக்கும் இப்படித்தான். நிலம், கட்டடம் சேராது. தேய்மானம் போக மிஞ்சும் மதிப்பில் ஆராய்ச்சி, மாசுக் கட்டுப்பாடு, தொழில் பாதுகாப்புச் சாதனங்களின் விலையையும் கழிக்கலாம். 2.7 கோடி மதிப்புள்ள பட்டறையில் புது மாதிரிகளைச் செய்து சோதிக்கவென்றே வாங்கிய கருவி 35 லட்சம் என்றால், கணக்குக்கு வருவது 2.35 கோடி. தினசரி உற்பத்தியில் ஓடும் இயந்திரத்தை ஆராய்ச்சி என்று எழுதாதீர்கள். பில்லையும் சொத்துப் பதிவேட்டையும் ஆரம்பத்திலேயே தனியாக வைத்துவிடுங்கள். ஆடிட்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவான உத்யமில் இந்தக் கழிவுகளுக்குத் தனிக் கட்டங்கள் உண்டு. பதிவு இலவசம், காசு கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். விவரங்கள் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளோடு இணைந்தவை. அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஏற்றுமதியை ஏற்றுமதி என்றே, சுங்கத்துறையில் பதியும் ஷிப்பிங் பில்லின் எண்ணோடு காட்ட வேண்டும்.

பலர் இழப்பது இங்கேதான். மண்ணடியிலோ பாரிமுனையிலோ உள்ள வியாபாரியிடம் சரக்கைக் கொடுத்து அவர் கப்பல் ஏற்றினால், பொருள் துபாய்க்கே போனாலும் உங்கள் புத்தகத்தில் அது உள்நாட்டு விற்பனை. ஏற்றுமதிக் கழிவு அவருக்குத்தான். துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, வருஷக்கணக்காக இன்னொருவர் பெயரில் சரக்கு போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. சொந்தமாக ஏற்றுமதி செய்யத் தேவையான ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் வரம்பைத் தாண்டினால், வரி சாராத சலுகைகள் மேலும் 3 ஆண்டுகள் பழைய வகைப்படியே தொடரும்.

பட்டறையில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால், காப்புரிமைக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் பெரிய நிறுவனத்துக்கு 8,000 ரூபாய், உங்களுக்கு 1,600. உத்யம் சான்றிதழோடு, சிறு நிறுவனம் என்று கோரும் படிவம் 28-ஐயும் இணைக்க மறக்காதீர்கள்.