எரு இட்ட மூன்றாம் வாரம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு காய்கறிப் பாத்தி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், தக்காளி நடுவதற்காக அருகிலிருந்த மாட்டுக்கொட்டகையிலிருந்து ஐந்து மூட்டை எரு வாங்கி வந்து கொத்திக் கலந்து, நான்காம் நாளே நாற்றுகளை நட்டுவிட்டேன். மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே கை பொறுக்காத சூடு இருந்தது. மாடுகளின் படுக்கைக்காகப் பரப்பிய மரத்தூள் நிறம்கூட மாறாமல் சாணத்தோடு கலந்து கிடந்தது. இரண்டு வாரத்தில் செடிகளின் அடியிலைகள் வெளிறி மஞ்சளாயின. எரு போதவில்லை என்று எண்ணி இன்னொரு மூட்டையைப் போட்டேன், மஞ்சள் கூடியது. ஒன்றரை மாதம் கழித்து, நான் எதுவும் செய்யாமலேயே, புதுத் தளிர்கள் கரும்பச்சையாக வரத் தொடங்கின.

மஞ்சளுக்கும் பின்னால் வந்த பச்சைக்கும் காரணம் ஒன்றுதான். எருவில் உள்ள தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், பெரும்பகுதியைச் செடியின் வேர் நேரடியாக உறிஞ்ச முடியாது; அது புரதங்களாகவும் பிற கரிமச் சேர்மங்களாகவும் கட்டுண்டு கிடக்கிறது. அதை உண்டு உடைப்பவை மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவற்றின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு கார்பன் இருக்கிறது. சுவாசத்தில் எரித்துவிட இன்னும் பதினாறு பங்கு கார்பன் தேவை. ஆகவே ஒன்றுக்கு இருபத்துநான்கு என்ற விகிதத்தில் உணவு கிடைத்தால் அவற்றுக்குக் கணக்குச் சரியாக இருக்கும். மாட்டுச் சாணம் தனியாக இந்த அளவை ஒட்டியே நிற்கிறது. வைக்கோலில் கார்பன் எண்பது பங்கு அளவுக்கு உயரும். மரத்தூளிலோ சில நூறு பங்கு. கார்பன் மிகுந்த அத்தகைய எருவை மண்ணில் இட்டால், நுண்ணுயிர்கள் தங்களுக்குப் பற்றாக்குறையான நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வேரை விட அவை வேகமானவை. எண்ணிக்கையிலும் பல மடங்கு மிகுந்தவை. அந்தப் போட்டியில் செடி தோற்றுப் பட்டினி கிடக்கிறது. எளிதில் உண்ணக்கூடிய கார்பன் தீர்ந்த பிறகு நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. மறுபகுதியைப் புரோட்டோசோவா என்னும் ஒருசெல் உயிரிகளும் நூற்புழுக்களும் தின்று, மிஞ்சும் நைட்ரஜனை அம்மோனியமாகக் கழிக்கின்றன. என் தக்காளிக்கு ஒன்றரை மாதம் கழித்துக் கிடைத்தது அந்தக் கழிவுதான்.

எருவை எப்போது இடுவது என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது: நுண்ணுயிர்களின் பந்தி முடியும் நேரத்தில் வேர் வந்து சேர வேண்டும். நன்கு மக்கிய எருவுக்கு நடவுக்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் போதும். பாதி மக்கியதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் விட வேண்டும். மக்காததைப் பாத்திக்கே கொண்டுவராமல், வெளியில் குவித்து நனைத்துப் புரட்டி மக்கவைப்பதே என் பரிந்துரை. குவியலின் உட்புறச் சூடு 55 பாகை செல்சியசைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெருமளவு அழிகின்றன. காலி மனைகளெங்கும் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும் இந்த ஊரில் அது சிறிய லாபமல்ல.

எரு மக்கிவிட்டதா என்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குவியலின் நடுவே ஒரு கடப்பாரையைச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவி முனையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சூடில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம்: ஈரம் வற்றியதால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தியிருந்தாலும் குவியல் குளிர்ந்தே இருக்கும். நீர் தெளித்து நான்கைந்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நான் இப்போது நம்புவது மூக்கைத்தான். ஒரு பிடி எருவை, பிழிந்த துணியளவு ஈரத்தில், பாலிதீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் நிழலில் வைக்கிறேன். அவிழ்க்கும்போது முதல் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் எரு தயார். அம்மோனியா நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் காத்திருக்க வேண்டும்.

பெங்களூருவின் மழை இந்தக் கணக்கில் குறுக்கிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் பெய்யும் இங்கே, மே மாத இடிமழை ஒரு முறையும் செப்டம்பர், அக்டோபர் மழை அதைவிட வலுவாக ஒரு முறையும் மண்ணை நனைக்கின்றன. எருவிலிருந்து வெளிப்படும் அம்மோனியத்தை மண்ணில் உள்ள வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால், நேர்மின்னேற்றமுள்ள அம்மோனியம் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். எதிர்மின்னேற்றமுள்ள நைட்ரேட்டைப் பிடித்து நிறுத்த அங்கே ஏதுமில்லாததால், அது மழைநீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மெதுவாகச் சத்தை விடுவிக்கும் மக்கிய தொழு உரத்தை மழைக்கு அஞ்சாமல் முன்கூட்டியே இடலாம்: ஜூன் நடவுக்கு மே நடுவில், அக்டோபரில் போடும் காரட், முட்டைக்கோஸ், நூக்கோலுக்குச் செப்டம்பரில். வேகமாகக் கரையும் கோழி எருவையும் புண்ணாக்கையும் காலிப் பாத்தியில் போட்டுவிட்டுக் கனமழைக்குக் கொடுப்பது வீண். செடி வேர் பிடித்த பிறகே அவை வர வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த மண்ணில் எருவை இட்டால் அது மக்காமல் அப்படியே கிடக்கும். நீர் பாய்ச்சி, மேலே சருகு மூடாக்குப் போட்டால்தான் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும்.

இடும் நாளில் மாலை நேரமே நல்லது. பரப்பிய எருவை அன்றே மேல் அரை அடி மண்ணோடு கலந்துவிட வேண்டும். சாணத்தோடு மாட்டுக் கோமியமும் சேர்ந்திருந்தால், அதிலுள்ள யூரியா அம்மோனியா வாயுவாக மாறி, ஒன்றிரண்டு நாள் வெயிலிலேயே பெருமளவு காற்றில் போய்விடும். அரை அடிக்குக் கீழே புதைத்தால் காற்றோட்டம் குறைந்து மக்குவது தாமதப்படும்.

அளவைப் பொறுத்தவரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளிக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் சொல்கிறது. எங்கள் பாத்திக்கு அது 23 கிலோ, அதாவது காலி சிமெண்டுப் பை ஒன்றில் கிட்டத்தட்ட நிறையும் அளவு. தொழு உரத்தில் நைட்ரஜன் சுமார் 0.5 சதவீதமே என்பதால், அதில் இருப்பது 115 கிராம்; முதல் பருவத்தில் கிடைப்பதோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தக்காளி கேட்பது அதைவிட அதிகம். அதற்காக எருவை நான்கு மடங்காக்கினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மீறிச் சேரும். மாறாக, ஏழு சதவீத நைட்ரஜன் கொண்ட கடலைப் புண்ணாக்கை ஒரு கிலோ எடுத்து இரண்டாகப் பங்கிட்டு, நட்ட முப்பதாம் நாளிலும் ஐம்பதாம் நாளிலும் தண்டுக்கு அரை அடி தள்ளி மண்ணில் மூடுவதே சிக்கனமானது. இவ்வூர்ச் செம்மண்ணில் எருவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மண்ணுக்குச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடுகள் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மக்கும் எருவிலிருந்து வரும் கரிம அமிலங்கள் அந்தப் பற்றிடங்களைத் தாங்கள் பிடித்துக்கொண்டு மணிச்சத்தை வேருக்கு விட்டுக்கொடுக்கின்றன. பரவலாக இடுவதில் ஒரு பங்கைக் குறைத்து, நடவுக் குழிக்குள் இரண்டு கையளவு போடும் பழக்கம் அதனால்தான் இங்கே நன்றாகப் பலிக்கிறது.

பயிருக்குப் பயிர் வேறுபாடும் பார்க்க வேண்டும். காரட்டுக்கும் முள்ளங்கிக்கும் மக்காத எரு பட்டால் கிழங்கு கிளைத்துவிடும். அவரைக்கும் பீன்சுக்கும் வேர்முடிச்சுகளே நைட்ரஜனைத் தருவதால், எரு மிகுந்தால் கொடிதான் தழைக்கும், காய் குறையும். கீரைக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும்: மக்காத சாணத்தில் குடல் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும், முளைக்கீரையோ ஒரு மாதத்துக்குள் அறுவடையாகிவிடும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், மக்காத எருவுக்கும் மண்ணைத் தொடும் விளைச்சலின் அறுவடைக்கும் இடையே 120 நாட்கள் கேட்கின்றன. கீரைப் பாத்திக்கு மண்புழு உரம் அல்லது முழுதும் மக்கிய எரு தவிர வேறெதையும் நான் இடுவதில்லை.

முதல் பருவத்தில் வெளிப்படாத நைட்ரஜன் மண்ணிலேயே தங்கி, அடுத்தடுத்த பருவங்களில் சிறிது சிறிதாக வருகிறது. அதனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எரு கண்ட பாத்திக்கு இப்போது அரைப் பைதான் இடுகிறேன். இந்த மே மாதம் அதைக் கலந்துவிட்டு, மூன்றாம் வாரம் வரும்வரை நாற்றுகளைத் தொட்டியிலேயே வைத்திருந்தேன்.